பழைய மொறிஸ் மைனரை வன்னியில் வாங்கி ஓட வைத்தல்: பத்திரம் முதல் பெயின்ற் வரை

பழைய கார் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவர், வளவுக்குள் கால் வைத்ததும் முதலில் கேட்பது "ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிக் காட்டுங்கோ அண்ணை" என்பதுதான். விற்பவரும் அதற்கு ஆயத்தமாகவே இருப்பார். பற்றறி ஒன்று இரவல் வாங்கி வைக்கப்பட்டிருக்கும். காபரேற்றரின் வாயில் ஒரு மூடி பெற்றோல் ஊற்றப்படும். எஞ்சின் இரண்டு தரம் இருமி மூன்றாம் தரம் பிடித்துக்கொள்ளும். நீலப் புகைக்குள் நின்றபடியே விலையும் பேசி முடிந்துவிடும். விசுவமடுவில் ஒரு மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் நின்ற என்னுடைய முதலாவது மொறிஸ் மைனரை நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்த எஞ்சின் இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் அது இப்போது வேறொரு மைனருக்குள் இருக்கிறது. ஏனெனில் முதற்காரின் அடித்தட்டும் பத்திரமும், இரண்டுமே, என் கையில் உதிர்ந்து போயின.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை வழமைக்கு நேர்மாறானது. முதலில் பத்திரம், அடுத்து அடித்தட்டு, பிறகு முன்சில்லுகளின் கால்களும் பிறேக்கும், அதன் பின் மின்சாரம், அதற்கும் பின்னரே எஞ்சின், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயின்ற். உழவு இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த எவருக்கும் மைனரின் எஞ்சின் புதிராக இருக்காது, அப்படிப்பட்டவர்கள் வன்னியில் சந்திக்குச் சந்தி இருக்கிறார்கள். உக்கிப்போன அடித்தட்டையும் இறந்துபோன உரிமையாளரின் கையெழுத்தையும் சீர்செய்யக்கூடியவர்களைத்தான் தேடிக் களைக்க வேண்டியிருக்கும்.

எந்தக் கார், எந்த மைனர்

வன்னியில் வயதானவர்களிடம் பழைய கார்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் மூன்று பெயர்கள் தவறாமல் வரும். ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். ஏ-40 வாடகைக்கு ஓடியது, கேம்பிரிட்ஜ் கலியாண வீட்டுக்கு வந்தது, மைனர் வாத்தியாரும் தபாலதிபரும் வைத்திருந்தது என்று அவர்கள் பிரித்துச் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஏ-40 சொமர்செற் தனியான சட்டத்தின் மேல் உடல் பூட்டப்பட்ட கார் என்பதால் துருவை அதிகம் தாங்கும். ஆனால் அதன் உதிரிப்பாகங்களைத் தேடி அலைய வேண்டும். 1959 இல் வந்த நீண்ட வாலுள்ள கேம்பிரிட்ஜ் 1489 சி.சி. எஞ்சினையும், 1961 இல் வந்த ஏ-60 வகை 1622 சி.சி. எஞ்சினையும் கொண்டவை. குடும்பத்தோடு தூரப் பயணம் போகிறவருக்கு அவை நல்லவை, பெற்றோல் செலவைப் பொருட்படுத்தாதவராக அவர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

முதன்முறையாகப் பழைய கார் வாங்குபவருக்கு நான் மைனரையே சொல்வேன். அதன் எஞ்சின் குடும்பம் மினி உட்படப் பல கார்களில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டதால் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான உடற்தகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின என்பதும், நம்முடைய தகர வேலைக்காரருக்கு இந்தக் கார் எவ்வளவு பழக்கமானது என்பதற்குச் சான்று.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் மினியை வடிவமைத்தவரும் அவரே. 1948 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அது அறிமுகமானது. மாதிரிக் கார் தயாரான நிலையில், அது ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குத் தோன்றவே, காரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலம்தான். உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் செய்யப்பட்டிருந்தன.

பார்க்கப் போகும் காரின் வகையை இனங்காண்பது எளிது. முன்கண்ணாடி நடுவில் பிரிக்கப்பட்டு இரண்டு துண்டாக இருந்தால் அது 1956 க்கு முந்தியது. அவற்றிலும் தொடக்க கால எம்.எம். வகையில் 918 சி.சி. பக்கவால்வு எஞ்சினும், 1952 முதல் 803 சி.சி. மேல்வால்வு எஞ்சினும் இருந்தன. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அது மைனர் 1000. 1962 வரை 948 சி.சி., அதன் பின் 1098 சி.சி. கதவுத் தூணிலிருந்து கைபோல எழும்பித் திரும்பும் திசையைக் காட்டும் பழைய கைகாட்டி 1961 வரைதான் பூட்டப்பட்டது. அன்றாடம் ஓட்டுவதற்கு 1098 சி.சி. வகையே சிறந்தது, எஞ்சின் பெரிது என்பதற்காக அல்ல, அதன் முன் பிறேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கப்பட்டது என்பதற்காக.

பத்திரம்

இந்தப் பகுதியை அவசரப்பட்டு வாசிக்க வேண்டாம். வன்னியின் கார்களுக்கு வேறு ஊர்க் கார்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. போர்க்கால இடம்பெயர்வுகளின்போது வாகனம் ஓரிடத்திலும் அதன் பதிவுப் புத்தகம் வேறிடத்திலுமாகப் பிரிந்தன. 2009 இல் கிழக்கு நோக்கிப் போனவர்கள் வாகனங்களை வீதியோரங்களில் விட்டுவிட்டு நடந்தார்கள். பின்னர் எஞ்சியவற்றிலிருந்து ஒன்றின் எஞ்சினும் இன்னொன்றின் கதவும் மூன்றாவதன் இலக்கத்தகடும் ஒன்றாகிய கார்களும் உண்டு. யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இருந்ததை வைத்து ஓடவேண்டிய காலம் அது. ஆனால் இன்று உங்கள் பெயருக்கு மாற்றும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் காலத்தைப் பார்க்காது, இலக்கத்தைத்தான் பார்க்கும்.

பதிவுச் சான்றிதழை முதலில் கையில் வாங்குங்கள். நிழற்பிரதி போதாது. அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பொனற்றைத் திறவுங்கள். எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே எஞ்சின் கட்டையில் இருக்கும். 948 சி.சி. எஞ்சினின் இலக்கம் '9எம்' என்றும் 1098 சி.சி. எஞ்சினுடையது '10எம்ஏ' என்றும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். ஆகவே சான்றிதழில் 948 என்று இருந்து கட்டையில் '10எம்ஏ' என்று இருந்தால், எஞ்சின் மாற்றப்பட்டது பதியப்படவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். சேசி இலக்கம் பொனற்றுக்கு உள்ளே பின்சுவரில் பூட்டிய தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டின் ஆணிகளை உற்றுப் பாருங்கள். என்னுடைய முதற்காரில் தகடு பழையதாகவும் அதைப் பிடித்திருந்த இரண்டு ஆணிகள் பளபளப்பாகவும் இருந்தன. காசு கொடுத்த மறுநாள்தான் அது என் கண்ணில் பட்டது.

அடுத்தது பெயர். சான்றிதழில் பதிவான உரிமையாளர் உயிரோடு, எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறாரா? மைனர்களில் பல ஒருவர் பெயரிலேயே பதிவாகி, ஐந்தாறு கைகள் மாறி, ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட கைமாற்றுப் படிவத்தை மட்டும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தவை. இதைத்தான் 'ஓப்பின் பேப்பர்' என்று சொல்கிறார்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் அந்தப் படிவம் வெறும் தாள். வாரிசுகளின் ஒப்புதலும் மரணச் சான்றிதழும் தேவைப்படும், அந்த வாரிசுகள் பெரும்பாலும் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருப்பார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி, வாகன இலக்கத்தைக் கொண்டு அதன் பதிவு விவரத்தைப் பெற முடியும். முற்பணம் கொடுக்க முன்னர் அந்தச் சிறு செலவைச் செய்யுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் கடைசியாக எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டு, நிலுவை எவ்வளவு வரும் என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பத்திரம் எதற்கு, ஊருக்குள் ஓடத்தானே என்பவர்களுக்கு 2022 ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். எரிபொருள் அட்டைக்கான கியூஆர் குறியீடு வந்தபோது, காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற பங்கு பதிவு சரியாக இருந்த வாகனங்களுக்கே கிடைத்தது. பத்திரமில்லாத கார் கொட்டிலுக்குள்ளேயே நின்றது.

இலக்கத்தகட்டைப் பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்துத் தகடுள்ள மைனர் என்றால் அது 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முன்னர் பதிவானது. சிங்கள 'ஸ்ரீ' உள்ளது என்றால் அதன் பின்னர் வந்தது. 1958 இல் அந்த எழுத்துக்குத் தார் பூசி நடந்த போராட்டத்தை ஊரில் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். காரின் வயதைத் தகட்டைப் பார்த்தே மட்டுக்கட்ட இது உதவும்.

அடித்தட்டு

மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகவே இதில் துரு என்பது அழகுக் குறை அல்ல, எலும்புருக்கி நோய். கதவு, மட்காட், பொனற் எல்லாம் ஆணி கழற்றி மாற்றக்கூடியவை, அவற்றின் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்.

ஒரு பழைய சாக்கு, ஒரு ரோச் லைற், கூரான ஸ்குறூ டிறைவர் ஒன்று, இவை மூன்றும் போதும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு முதலில் உள்ளே கிடக்கும் றப்பர் விரிப்புகளைத் தூக்குங்கள். மாரியில் கதவால் இறங்கும் தண்ணீர் அந்த விரிப்புக்குக் கீழே மாதக்கணக்கில் தங்கும். பிறகு சாக்கை விரித்துக் கீழே படுத்து, நடுவில் குறுக்காக ஓடும் பெட்டிச் சட்டத்தின் இரு அந்தங்களையும், ஜக் பூட்டும் குழிகளையும், கதவுக்குக் கீழான படியையும், பின்பக்க வில்லுத்தகடுகள் மாட்டப்பட்டிருக்கும் இடங்களையும் ஸ்குறூ டிறைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். உக்கியது ஈரப் பலகைபோல ஓசையை விழுங்கும். சந்தேகமுள்ள இடத்தில் கூரை அழுத்துங்கள். தாரும் பேஸ்ரும் அப்பி மறைக்கப்பட்ட இடமானால் கூர் உள்ளே போய்விடும்.

இதற்கு மேலான சோதனை ஒன்று உண்டு. ஜக்கைக் குழியில் பூட்டி ஒரு பக்கத்தை உயர்த்துங்கள். ஜக் மேலே போகும்போது காரும் கூடவே எழ வேண்டும். என்னுடைய காரில் ஜக் எழுந்தது, கார் எழவில்லை. நறநறவென்று ஒரு சத்தத்தோடு குழி உள்ளே அமிழ்ந்தது, சிவந்த பொடி என் முழங்கையில் கொட்டியது. உயர்ந்தபின் முன்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தூணில் உரசினால் அடித்தட்டு வளைகிறது என்று பொருள். அந்தக் காரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் நின்ற காருக்கும் மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்தில் நின்ற காருக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. உப்புக்காற்று உள்ளே இருந்து தின்னும். ஒரே விலை சொன்னால் உள்நாட்டுக் காரையே எடுங்கள், அதன் பெயின்ற் எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

பல ஆண்டுகள் நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்து வர வேண்டாம். பிறேக் இல்லாத காரின் முன்சில்லு மடிந்தால் இழுக்கும் வாகனமும் சேர்ந்து சரியும். லொறியில் அல்லது தாழ்வான பெட்டியில் ஏற்றி, நான்கு சில்லுகளையும் கட்டிக் கொண்டு வாருங்கள்.

முன்சில்லுக் கால்கள்

மைனரின் ஒரே ஆபத்தான பலவீனம் இதுதான். முன்சில்லு ஒவ்வொன்றையும் ஒரு நிலைக்குத்துக் கால் தாங்குகிறது. அந்தக் காலின் மேலும் கீழும் திருகுமரை வெட்டப்பட்டு, ட்ரனியன் என்ற உறைக்குள் திருகி நிற்கிறது. ஸ்ரேறிங்கைத் திருப்பும்போது கால் அந்த மரைக்குள் சுழல்கிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் கால் உறையை விட்டுக் கழன்று, சில்லு காரின் அடியில் மடிந்துவிடும். பெரும்பாலும் இது மெதுவாகத் திருப்பும்போது, வளவு வாசலில் நடக்கும் என்பது ஆறுதல்; கண்டி வீதியில் நடக்காது என்று எவரும் எழுதித் தரவும் இல்லை.

சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பின்னர் ஒரு பாரையைச் சில்லுக்குக் கீழே கொடுத்து மெல்ல நெம்புங்கள். கீழ் ட்ரனியனில் மேலும் கீழுமாக அசைவு தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். லேத்தில் கொடுத்து மரையை நிரப்பி வெட்டலாம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் புதியதை வாங்குங்கள். எங்கள் ஊர் லேத்துக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் இந்த ஒரு பாகத்தில் சிக்கனம் கூடாது. அதன் பின் 1600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அதாவது பழைய கணக்கில் 1000 மைலுக்கு ஒருமுறை, சில்லை உயர்த்தி வைத்துவிட்டு, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை துப்பாக்கியால் அடிக்க வேண்டும். கிரவல் வீதியில் ஓடும் காருக்கு நான் மாதம் ஒருமுறை அடிக்கிறேன்.

பிறேக்

மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், அடித்தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி, ஒரு சிறு மூடியைக் கழற்றித்தான் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க முடியும். இதனாலேயே பல கார்களில் அது வருடக்கணக்கில் கவனிக்கப்படாமல் வறண்டு போயிருக்கும். நின்ற காரில் எல்லாச் சிலிண்டர்களின் றப்பர்களையும், மூன்று வளையும் குழாய்களையும் மாற்றுங்கள், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும். பின்சில்லுக்குச் செல்லும் இரும்புக் குழாயை விரலால் தடவி, சொரசொரப்பாக இருந்தால் அதையும்.

முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்களும் இரண்டு சரிசெய் திருகுகளும், பின்சில்லில் ஒவ்வொன்றும் உண்டு. முன்சில்லில் ஒரு திருகை மட்டும் சரிசெய்துவிட்டு, பிறேக் பிடிக்கவில்லை என்று முறையிடுகிறவர்கள் பலர். சில்லைச் சுற்றிக்கொண்டு, திருகை இறுக்கிச் சில்லு நிற்கும் வரை போய், ஒரு பல் பின்னுக்கு விடுங்கள். இந்தக் காரில் பிறேக்குக்கு ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லும் போகும். ஆகவே கைப்பிறேக்கையும் விளையாட்டாக எண்ணாமல் சரியாக வைத்திருங்கள்.

மின்சாரம்

நம்முடைய மின்வேலைக்காரர் அதிகம் தவறுவது இங்கேதான், அதற்குக் காரணம் அவரல்ல. இன்றைய வாகனங்களில் பற்றறியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்படுகிறது. மைனரில் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பழக்க தோஷத்தில் பற்றறியை மாற்றிப் பூட்டினால் டைனமோ ஏற்றாது, வானொலி இருந்தால் எரிந்துவிடும். காரைத் தொட முன்னர் எந்த முனை உடலில் இருக்கிறது என்று பார்த்து, பொனற்றின் உட்பக்கத்தில் பெயின்ற்றால் எழுதி வையுங்கள். எதிர்முனை முறைக்கு மாற்ற விரும்பினால் மாற்றலாம். கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவைப் புதிய முனைக்குப் பழக்க வேண்டும்.

முழுக் காருக்கும் இரண்டே இரண்டு பியூஸ்கள்தான், ஒவ்வொன்றும் 35 அம்பியர்; தலைவிளக்குகளுக்குப் பியூஸே இல்லை. துணி சுற்றிய பழைய வயர் உதிர்ந்து உடலில் பட்டால் புகைதான் முதல் அறிவிப்பு. விளக்குகளுக்குத் தனியாக ஒரு பியூஸும், பற்றறிக்கு ஒரு துண்டிக்கும் சுவிச்சும் பூட்டுவது பெரிய செலவல்ல. காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் கொட்டிலுக்கு வரும் நாட்களில் எலியும் கூடவே வரும், வயர்களை அடிக்கடி பாருங்கள்.

எஞ்சினை எழுப்புதல்

இப்போதுதான் சாவியின் பக்கம் கை போகலாம். அதுவும் உடனடியாக அல்ல. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு ஓரிரவு வையுங்கள். மறுநாள், பிளக் இல்லாமலே, முன்னால் ஹான்டில் போட்டு மெல்லச் சுற்றுங்கள். ஹான்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி அடித்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும். கீழிருந்து மேலே இழுங்கள், ஒருபோதும் மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள்.

தாங்கியில் இருக்கும் பெற்றோலை அடி ஆணியைக் கழற்றி முழுதாக வடித்துவிடுங்கள். சாவியைப் போட்டதும், பெற்றோலை இழுத்துக் கொடுக்கும் எஸ்.யூ. மின்பம்பு 'டிக் டிக்' என்று வேகமாக அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் மெதுவாகி நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது; அடிக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் உள்ளேயுள்ள தொடுபுள்ளிகள் கறுத்திருக்கும். பம்பை மெல்லத் தட்டி ஓட வைப்பது பழைய ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை, ஆனால் அது வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும்.

அளவுகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மேல்வால்வு எஞ்சினில் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், டிஸ்ரிபியூட்டரின் தொடுபுள்ளி இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். எரியும் வரிசை 1-3-4-2, றோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. எந்த வால்வைச் சரிசெய்வது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: முன்னாலிருந்து எண்ணி, முழுதாகத் திறந்து நிற்கும் வால்வின் எண்ணை 9 இலிருந்து கழித்தால் வருவதே அப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு. எட்டாவது திறந்து நின்றால் முதலாவது, ஆறாவது திறந்து நின்றால் மூன்றாவது.

காபரேற்றரின் மேலுள்ள சிறு மூடியைத் திறந்து மெல்லிய ஒயில் விட மறக்க வேண்டாம். அது வற்றினால் மிதிக்கும்போது கார் திணறும், நீங்கள் காரணமில்லாமல் பெற்றோலைக் குறை சொல்வீர்கள்.

மண்ணெண்ணெயைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1990 க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் வராதபோது, வடக்கின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பொனற்றுக்குள் தொங்கும் சேலைன் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன, 8.3 விகிதமுள்ள 948 சி.சி. எஞ்சின் ஏற்றத்தில் கடகடவென்று தட்டியது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். அதனால் தேய்ந்தவை வளையங்களும் பெயாரிங்குகளும். ஆகவே அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சினை வாங்குகிறவர், ஒயில் குச்சியை இழுத்து விரலால் மணந்து பார்க்கட்டும். பின் எஞ்சின் சூடாகி ஓடும்போது, ஒயில் விளக்கு ஓய்வு வேகத்தில் மினுங்குகிறதா, கீழிருந்து ஆழமான தட்டல் வருகிறதா என்று கவனிக்கட்டும். இரண்டும் இருந்தால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும், அது இரண்டு பேரின் ஒருநாள் வேலை.

தண்ணீரும் தூசியும்

நம்முடைய கிணற்றுநீர் எப்படிப்பட்டது என்பதைக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளை ஓடு காட்டும். அதே ஓடு ரேடியேற்றருக்குள்ளும் எஞ்சின் கட்டைக்குள்ளும் படியும். மழைநீரை அல்லது சுத்திகரித்த நீரை மட்டுமே பயன்படுத்துங்கள். வெப்ப நாடு என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது இங்கே பொதுவான பழக்கம். ரேடியேற்றரின் அடைப்பை எடுக்காமல் அதைக் கழற்றுவதால் எஞ்சின் குறுகிய ஓட்டங்களில் சூடேறாமலே தேய்கிறது, அவ்வளவுதான். காற்று வடிகட்டியைக் கிரவல் வீதிக் காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள்.

பெயின்ற்

இதில் நான் சொல்ல அதிகம் இல்லை. காரை ஆறு மாதமாவது ஓட்டிய பின் அடியுங்கள். அதற்கு முன் அடித்தால், பிறகு செய்யும் ஒவ்வொரு ஒட்டு வேலையும் அதைச் சுட்டுவிடும்.

வீதியில்

முதலாம் கியர் ஓட்டத்தில் விழாது. கார் முழுதாக நின்ற பின்னரே போட வேண்டும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை கண்டி வீதி இப்போது நேராகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் கால் தானாகவே அழுத்தும். மணிக்கு 60 முதல் 70 கிலோமீற்றர் வரை இந்தக் காருக்கு இதமான வேகம். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இரவில் போவதைத் தவிருங்கள். இந்த விளக்குகளின் மஞ்சள் ஒளியில், தாரின் சூட்டுக்காக வீதியில் படுத்திருக்கும் கறுப்பு மாடு கண்ணுக்குத் தெரிவதற்கும் டிரம் பிறேக் காரை நிறுத்துவதற்கும் இடையில் போதிய தூரம் இருக்காது.

உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள். பெயரைச் சொல்லி வாங்கினால் வேறு வகைக்குரியது வந்துவிடும். மாரி தொடங்க முன்னர், கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து, அடித்தட்டின் கீழே பழைய ஒயில் பூசுங்கள், பிறேக் டிரம்மில் படாமல்.

கார் ஓடத் தொடங்கிய மறுமாதமே கலியாணத்துக்குக் கேட்டு ஆள் வரும். கொடுக்கலாம். மேளத்தின் வேகத்தில் ஊர்வலம் போனால் மைனர் கொதிக்கும் என்பதால், பெண் வீட்டிலிருந்து கோயிலுக்குள்ள தூரத்தை முதலில் கேளுங்கள், டிக்கியில் இரண்டு போத்தல் தண்ணீர் வையுங்கள், மாலையையும் றிபனையும் முன்கிறிலை மூடாமல் பொனற்றின் மேலாகக் கட்டச் சொல்லுங்கள்.